ஏடிவிஓ இருக்கு, சனிக்கிழமை குழந்தையை அவர்கிட்ட அனுப்பணுமா? (சிட்னி)

டூங்காபி அம்மா

வணக்கம். பேர் சொல்ல முடியாத நிலைமை, தப்பா எடுத்துக்காதீங்க. சொந்த ஊர் திருச்சி. கல்யாணம் ஆகி சிட்னி வந்து ஆறு வருஷமாச்சு. பொண்ணுக்கு நாலு வயசு நடக்குது.

போன மாசம் ஒரு ராத்திரி எங்க வீட்ல நடந்ததைக் கேட்டு பக்கத்து யூனிட்காரங்க போலீசுக்குப் போன் பண்ணிட்டாங்க. என்ன நடந்ததுன்னு இங்க எழுத மனசு வரல. போலீஸே ஏடிவிஓ (குடும்ப வன்முறையிலேர்ந்து பாதுகாக்கற கோர்ட் தடை ஆர்டர்) போட்டு அவரை வெளியே அனுப்பிட்டாங்க. இப்ப ஹாரிஸ் பார்க் ஏரியால, கூட வேலை பார்க்கிறவர் வீட்ல இருக்கார். லோக்கல் கோர்ட்ல இன்டெரிம் ஆர்டர்னு, அதாவது தற்காலிக ஆர்டர்னு, ஒரு பேப்பர் கொடுத்திருக்காங்க. அதுல என் பேரோட பொண்ணு பேரும் இருக்கு. அடுத்த மென்ஷன், அதாவது கோர்ட் தேதி, வர்ற வியாழக்கிழமை.

இப்ப நாத்தனார் மெட்ராஸ்லேர்ந்து தினமும் போன். "அவன் பெத்த அப்பன். அந்த ஊர் சட்டப்படி பாதி நாள் அவனுக்கு, பாதி நாள் உனக்கு. பிள்ளையைக் காட்ட மாட்டேன்னு சொன்னா கோர்ட் உன்னைத்தான் கேக்கும்"னு சொல்றாங்க. சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு வென்ட்வொர்த்வில் பார்க்குக்கு அவர் வருவாராம், நான் பொண்ணைக் கொண்டாந்து விட்டுட்டுப் போகணுமாம். எங்கம்மா ஒரு பக்கம், "கேஸை வாபஸ் வாங்கிடும்மா, பெரியவளானதும் அவ உன்னைத்தான் குத்தம் சொல்லுவா"ன்னு அழறாங்க.

பொண்ணைப் பத்திச் சொல்லணும். சாயங்காலம் லிஃப்ட் கதவு திறக்கற சத்தம் கேட்டா சோபாவுக்குப் பின்னாடி போய் உக்காந்துக்கறா. கொஞ்ச நேரம் கழிச்சு அவளே எழுந்து வந்து, "அப்பா எப்பம்மா வருவாரு, கலர் பென்சில் வாங்கித் தரேன்னாரே"ன்னு கேக்கறா. ரெண்டையும் பார்த்துட்டு எனக்கு எது சரின்னே தெரியல.

இந்த ஆர்டர் இருந்தா அவர் குழந்தையைப் பார்க்கவே கூடாதா? நான் அனுப்பலேன்னா என் மேல கேஸ் வருமா? டே கேருக்கு நேரா போய் கூட்டிட்டுப் போயிட்டா யார் தடுப்பாங்க? தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, ப்ளீஸ்.

மெல்பர்ன் மாமா

பயப்படாதீங்கம்மா. இங்க விக்டோரியால இதை இன்டர்வென்ஷன் ஆர்டர்னு சொல்லுவாங்க. குழந்தை பேர் அதுல இருந்தா விஷயம் முடிஞ்சது. பதினெட்டு வயசு வரைக்கும் அவர் கிட்டவே வர முடியாது. போனை பிளாக் பண்ணிட்டு நிம்மதியா இருங்க.

பெண்டில் ஹில் அக்கா

தங்கச்சி, சனிக்கிழமை பார்க்குக்குப் போகாதேங்கோ. மிச்சத்தை ஆறுதலாச் சொல்லுறன்.

நான் லோயர் இல்லை. என்ர ரெண்டு பிள்ளையளோட இதே பாதையால வந்தனான். இப்ப கோட்டுக்குத் தனியப் போகப் பயப்பிடுற எங்கட பெம்பிளையளோட கூடப் போய் இருக்கிறனான். அங்க பார்த்ததையும் கேட்டறிஞ்சதையும் வைச்சு எழுதுறன்.

மெல்பர்ன் ஐயா நல்ல மனசோடதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அது அப்பிடி இல்லை. ஏடிவிஓ வந்ததால தகப்பன் பிள்ளையைப் பார்க்கிறது தானா நிண்டு போகாது. பதினெட்டு வயசு எண்ட கதையும் இல்லை. நியூ சவுத் வேல்ஸில கோட் வேற காலம் குறிப்பிடாட்டில் பெரியாக்களுக்கு எதிரான ஃபைனல் ஓடர் 2 வருஷத்துக்குத்தான். அதுக்காக உங்கட மச்சாள் சொல்லுற "பாதி நாள்" சட்டமும் கிடையாது.

பரமட்டாவில ஜோர்ஜ் ஸ்ட்ரீட்டுக்குப் போனீங்களெண்டால் விளங்கும். அந்தத் தெருவில லோக்கல் கோட் இருக்குது, அது மாநிலத்தின்ர. ஏடிவிஓ அங்கதான் நடக்கும். கொஞ்சத் தூரம் தள்ளி அதே தெருவில ஃபெடரல் சேர்க்கிட் அண்ட் ஃபமிலி கோட் இருக்குது, அது மத்திய அரசின்ர. பிள்ளை ஆரோட இருக்கிறது, மற்றவரை எப்ப எங்க பார்க்கிறது எண்டு தீர்க்கிறது அங்க. லோக்கல் கோட் மஜிஸ்ரேட் பார்க்கிறது உங்களுக்குப் பயம் இருக்கோ, அந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கோ எண்டதை. பிள்ளையின்ர கிழமை நாட்களைப் பிரிச்சுக் குடுக்கிறது அவரின்ர வேலை இல்லை. இதை ஒரே கோட் எண்டு நினைச்சுக்கொண்டு, "ஏடிவிஓ கிடைச்சிட்டுது, இனி பிள்ளை என்னோடதான்" எண்டு இருந்திட்டு, பிறகு மற்றக் கோட்டில இருந்து பேப்பர் வரேக்க திகைச்சுப் போன ஆக்களைப் பார்த்திருக்கிறன்.

இப்ப அந்த இன்டெரிம் பேப்பரை எடுத்து மேசையில விரிச்சு வையுங்கோ. முதல் பகுதி எல்லாருக்கும் பொது: அடிக்க, வெருட்டக் கூடாது, பின்தொடர, தொந்தரவு செய்யக் கூடாது, சாமானை உடைக்கக் கூடாது. அதுக்குக் கீழதான் உங்களுக்கெண்டு போட்ட நிபந்தனையள். உங்களோட தொடர்பு கொள்ளக் கூடாது எண்டு ஒண்டு இருந்தால், அதின்ர கீழ "இது தவிர" எண்டு சின்னச் சின்ன வரிகள் வரும். லோயர் மூலம் எண்டால் சரி, கவுன்சிலிங் அல்லது மீடியேஷன் எண்டால் சரி, பிள்ளையளைப் பற்றிக் கோட் ஓடர் இருந்தால் சரி. இன்னொரு வரியும் வரலாம்: பிள்ளையளைப் பார்க்கிறது பற்றி ரெண்டு பேரும் எழுத்தில ஒத்துக்கொண்டால் சரி.

அந்தக் கடைசி வரி உங்கட பேப்பரில இருக்கோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ. இருந்தால், மச்சாளின்ர கரைச்சல் தாங்காமல் வட்சப்பில "சரி, கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு ஒரு வரி அனுப்பினாலும் அது எழுத்தில குடுத்த சம்மதமா எடுக்கப்படலாம். அதுக்குப் பிறகு அவர் பார்க்கில வந்து நிண்டால் பொலிஸால ஒண்டும் செய்ய ஏலாமல் போகும். எங்கட பெம்பிளையள் இளகிப்போறது இந்த இடத்திலதான். ஆத்திரத்தில இல்லை, அழுகையில சம்மதிச்சிடுவினம்.

வாபஸ் பற்றி: பொலிஸ் போட்ட ஏடிவிஓவை நீங்கள் வாபஸ் வாங்க ஏலாது. அது அவையின்ர அப்பிளிகேஷன். உங்கட விருப்பத்தைச் சொல்லலாம், கேக்கிறதும் விடுறதும் அவையின்ர முடிவு. அம்மாவுக்கு இதை அப்பிடியே சொல்லிப்போடுங்கோ. உங்கட தலையில இருந்து ஒரு பாரம் இறங்கும்.

பாதி நாள் கதை எங்க இருந்து வந்ததெண்டால், 2006ஆம் ஆண்டு ஃபமிலி லோ எண்ட குடும்பச் சட்டத்தில தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் சமமான பொறுப்பு எண்டு ஒரு அனுமானத்தைக் கொண்டு வந்தவை. அது படிப்பு, வைத்தியம், சமயம் மாதிரிப் பெரிய முடிவுகளைப் பற்றினது. நாட்களைப் பற்றினது இல்லை. ஆனால் சனம் அதைப் பாதிப் பாதி எண்டே விளங்கி வைச்சிருந்தது. 2024 மே 6இல இருந்து அந்த அனுமானமே சட்டத்தில இல்லை. இப்ப பிள்ளைக்கு எது நல்லது எண்டு பார்க்கேக்க பட்டியலில முதலாவதா நிக்கிறது பிள்ளையினதும் அதைப் பராமரிக்கிற ஆளினதும் பாதுகாப்பு. வீட்டில நடந்த வன்முறையின்ர வரலாறையும், இருக்கிற அல்லது முந்தி இருந்த ஏடிவிஓவையும் கோட் கவனத்தில எடுக்க வேணும். பிள்ளைக்கு அடி விழவேண்டும் எண்டும் இல்லை. கண்டாலும் காதால கேட்டாலும் அது வன்முறைக்கு ஆளான பிள்ளைதான். சோபாவுக்குப் பின்னால போய் இருக்கிறாள் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அதைத் திகதி போட்டு ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ. பென்சில் கேக்கிறதையும் எழுதுங்கோ. ஃபமிலி கோட்டில பிள்ளையோட கதைச்சுப் பார்க்கிறதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம், அவை ரெண்டையும் கேப்பினம். ஒண்டை மறைச்சால் மற்றதின்ர பெறுமதியும் போயிடும்.

அனுப்பாட்டில் ஓடரை மீறினீங்களெண்டு உங்களில கேஸ் வராது. பிள்ளையைப் பற்றி இன்னும் ஒரு கோட் ஓடரும் இல்லை, இல்லாத ஓடரை மீற ஏலாது. ஆனால் இதை இப்பிடியே மாதக்கணக்கில இழுக்கவும் வேண்டாம். அவர் முதல்ல ஃபமிலி கோட்டுக்குப் போய், "காரணமில்லாமல் பிள்ளையை ஒளிச்சு வைச்சிருக்கிறா" எண்டு எழுதிக் குடுக்கிறதுக்கு முதல் நீங்கள் ஒரு லோயரோட கதைக்க வேணும். லீகல் எய்ட் எண்ட அரசாங்கச் சட்ட உதவியில கேளுங்கோ. சாதாரணமா ஃபமிலி கோட்டுக்குப் போக முதல் மீடியேஷனுக்குப் போய் சேர்டிஃபிகேட் எடுக்கச் சொல்லுவினம். வன்முறை இருந்த இடத்தில அதுக்கு விலக்குக் கேக்கலாம். வழக்குப் பதியேக்க ஆபத்தைப் பற்றின ஒரு நோட்டிஸ் படிவமும் சேர்த்துக் குடுக்க வேணும், அதில பூசி மெழுகாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ. சம்பளக் காசைப் பறிக்கிறது, போனைப் பார்க்கிறது, ஊரில சீதனம் காணாதெண்டு நெருக்குறது எல்லாம் எழுதலாம். 2025 ஜூன் 10இல இருந்து சீதனக் கொடுமையும் பொருளாதார வன்முறையில ஒண்டெண்டு சட்டத்திலயே இருக்குது.

டே கேருக்கு நாளைக்கே போங்கோ. ஓடரின்ர கொப்பி ஒண்டை டிரெக்டரின்ர கையில குடுத்து, எந்த நிபந்தனை எண்டு விரலால காட்டுங்கோ. பிள்ளை படிக்கிற இடத்துக்கு அவர் வரக்கூடாது எண்டு அதில இருந்தால் அவர் வந்த உடன பொலிஸுக்கு, 000க்கு அடிக்கச் சொல்லுங்கோ. அப்பிடி ஒரு வரி இல்லையெண்டால், தகப்பனை மறிக்கிறதுக்கு அவையிட்ட கடதாசி ஒண்டும் இருக்காது. அதாலதான் வியாழக்கிழமை முக்கியம். மென்ஷனுக்கு முதலே பொலிஸில உங்கட கேஸைப் பார்க்கிற ஆளிட்டச் சொல்லி அந்த இடத்தின்ர பேரைச் சேர்க்கக் கேளுங்கோ. பெண்களுக்கான கோட் உதவிச் சேவை ஒண்டு இருக்குது, 1800 938 227. அவையின்ர ஆக்கள் கோட்டில நிப்பினம். அவர் இருக்கிற வராந்தாவில நீங்கள் இருக்கத் தேவையில்லாமல் தனி அறையில கொண்டு போய் வைச்சிருப்பினம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணுமெண்டு இப்பவே சொல்லி வையுங்கோ, காசு இல்லை. தெரிஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதேங்கோ.

ஒரு அப்பா

நான் அந்தப் பக்கத்துல இருக்கிறவன். என் மேல ஏடிவிஓ இருக்கு. குற்றத்தை ஒத்துக்காம ஆர்டருக்கு மட்டும் சம்மதம் சொல்ல இங்க வழி இருக்கு, நான் அப்படிச் சொன்னேன். அப்படிச் சொன்னாலும் ஆர்டர் ஆர்டர்தான், ஃபேமிலி கோர்ட்ல அதை எடுத்து வச்சுப் பார்ப்பாங்க.

என் பையனை முதல்ல கான்டாக்ட் சென்டர்ல ஒரு ஊழியர் முன்னாடி உக்காந்து பார்த்தேன். இடம் கிடைக்கவே பல மாசம் காத்திருந்தேன். கண்ணாடிக் கதவு, சின்ன நாற்காலி, பக்கத்துல ஒருத்தர் குறிப்பு எழுதிக்கிட்டே இருப்பார். முதல் வாரம் பையன் என் மடிக்கு வரல. மூணாவது தடவை அவனே ஒரு லாரி பொம்மையைத் தூக்கிட்டு வந்து கொடுத்தான். அவங்க எழுதின குறிப்புதான் பின்னாடி எனக்கு உதவிச்சு. இப்ப வெள்ளிக்கிழமை ஸ்கூல்லேர்ந்து நான் கூட்டிட்டுப் போறேன், திங்கள் காலைல ஸ்கூல்லயே விடறேன். அவன் அம்மாவை நேர்ல பார்க்கற தேவையே இல்லாம ஆர்டர் எழுதியிருக்காங்க. மருந்து, ஜுரம்னா ஒரு பேரன்டிங் ஆப்ல எழுதிக்கறோம், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு ஒண்ணு சொல்லணும். அனுமதி இல்லாத இடத்துல நீங்களே பாவப்பட்டு "வாங்க"ன்னு வாயால கூப்பிட்டு அவர் வந்துட்டாலும், ஆர்டரை மீறினது அவர்தான், நீங்க இல்ல. உங்களை அதுக்காகப் பிடிக்க மாட்டாங்க. சாதாரண மீறலுக்கே 2 வருஷம் வரைக்கும் சிறை இருக்கு. கிரிமினல் ரெக்கார்டும் அப்பதான் விழும், ஏடிவிஓவால மட்டும் விழாது. அதனால தெளிவா எழுதின ஆர்டர் வர்ற வரைக்கும் பார்க்கு, ஸ்டேஷன் எதுவும் வேண்டாம். இது உங்களுக்கு மட்டும் இல்ல, அவருக்கும் நல்லது. அவருக்கு நிஜமாவே பொண்ணு வேணும்னா இந்த வழியா வரட்டும். நாங்க வந்தோம்.

டூங்காபி அம்மா

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. பேப்பரை எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன அந்த எழுத்து வரி இருக்கு அக்கா, பக்கத்துல டிக் போட்டிருக்கு. டே கேர் பேர் எங்கயும் இல்ல. நல்லவேளை இதுவரைக்கும் நான் எதுவும் பதில் அனுப்பல.

இன்னும் மூணு விஷயம். நாத்தனார் பேசறதுக்கு அவர் பொறுப்பாவாரா? அப்புறம் பொண்ணோட பாஸ்போர்ட்டும், விசா இல்லாம இந்தியா போக உதவற ஓசிஐ கார்டும் அவர் பெட்டியில இருக்கு. திருச்சிக்கோ மெட்ராசுக்கோ கூட்டிட்டுப் போயிடுவாரோன்னு ராத்திரி தூக்கம் வரல. மேஸ் ஹில் முருகன் கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போவோம், அங்க அவர் வந்தா?

கோர்ட்ல நேருக்கு நேரா அவரே என்னைக் கேள்வி கேப்பாரான்னும் பயமா இருக்கு.

பெண்டில் ஹில் அக்கா

மச்சாள் தானாக் கதைக்கிறதை ஏடிவிஓ தடுக்காது. ஆனால் "பத்து மணிக்கு வருவாராம்" எண்டு அவரின்ர செய்தியைக் கொண்டு வந்தால், அவர் இன்னொரு ஆளை வைச்சு உங்களோட தொடர்பு கொண்டதாகப் பார்க்கப்படலாம். ஃபோனை பிளாக் பண்ண முதல் எல்லாத்தையும் ஸ்கிரீன் ஷொட் எடுங்கோ. எடுத்து பொலிஸில காட்டுங்கோ. ஒரு மெசேஜுக்கும் பதில் வேண்டாம், கோவமாயும் வேண்டாம், பணிவாயும் வேண்டாம்.

பாஸ்போர்ட்தான் அவசரம். இதை லோயரிட்ட முதல் வசனமாச் சொல்லுங்கோ. ஃபமிலி கோட்டில அப்பிளிகேஷன் போட்டு, பிள்ளையின்ர பேரை ஃபெடரல் பொலிஸின்ர ஃபமிலி லோ வொட்ச்லிஸ்டில போடச் சொல்லிக் கேக்கலாம். போட்டிட்டால் எயார்போட்டில மறிப்பினம். வழக்கு நடக்கேக்க மற்ற ஆளின்ர சம்மதமோ கோட்டின்ர அனுமதியோ இல்லாமல் பிள்ளையை வெளிநாடு கொண்டு போறது குற்றம், அதுக்குச் சிறையே இருக்குது. ஏன் இவ்வளவு அவசரம் எண்டு சொல்லுறனெண்டால், பிள்ளையளைத் திருப்பி அனுப்புற ஹேக் ஒப்பந்தத்தில இலங்கை 2001இல சேர்ந்தது, இந்தியா சேரவில்லை. அங்க போன பிறகு அங்கத்தைக் கோட்டில முதல்ல இருந்து ஓட வேணும். பிளேன் ஏற முதல் மறிக்கிறதுதான் வழி. பாஸ்போர்ட்டை எடுக்கிறதுக்கு நீங்கள் அந்த வீட்டு வாசலுக்குப் போகாதேங்கோ. பொலிஸ் மூலமோ லோயர் மூலமோ கேளுங்கோ.

கோவில் எல்லாருக்கும் பொது, அவர் வரலாம். ஆனால் உங்களுக்குக் கிட்ட வந்து கதைக்கக் கூடாது எண்டு ஓடர் சொன்னால் அது சந்நிதியிலயும் செல்லும். உங்களைக் கண்டால் அவர்தான் விலகிப் போக வேணும். அப்பிடி நடந்தால் நேரத்தைக் குறிச்சு வையுங்கோ, ஆர் பக்கத்தில நிண்டவை எண்டும் குறியுங்கோ. முருகனைப் பார்க்கிறதை விட வேண்டாம்.

அவர் நேராக் கேள்வி கேக்கிறது: உங்களுக்கும் அவருக்கும் இடையில ஃபைனல் ஏடிவிஓ வந்திட்டால், ஃபமிலி கோட் விசாரணையில அவர் தன்ர வாயால உங்களைக் குறுக்கு விசாரணை செய்ய ஏலாது. 2019இல இருந்து அது தடை. லோயர்தான் கேக்க வேணும், அதுக்கு லோயர் எடுக்க அரசாங்கக் காசில ஒரு திட்டமும் இருக்குது. இன்டெரிம் ஓடர் மட்டும் இருக்கேக்க அது தானா வராது, கோட்டிட்டக் கேக்க வேணும். எனக்கு என்ர கேஸில ஆகப் பெரிய பயம் அதுதான், அதால இதை நீட்டிச் சொல்லுறன்.

இன்னொண்டையும் மறக்காதேங்கோ. ஃபமிலி கோட் பிள்ளைக்கு ஒரு ஓடர் போட்டு, அது ஏடிவிஓவோட முட்டுப்பட்டால், முட்டுப்படுற அளவுக்கு ஃபமிலி கோட் ஓடர்தான் மேல். அதால ஏடிவிஓ பேப்பரை அங்க குடுக்காமல் விட்டால் உங்களைக் காப்பாத்துற நிபந்தனையைத் தெரியாமலே அவை வெட்டிப்போடலாம். ஏடிவிஓ இருக்குதெண்டு சொன்னால், அதுக்கு ஒத்துப் போறமாதிரியும் ஒருத்தருக்கும் ஆபத்து வராதமாதிரியும் ஓடர் எழுதப் பார்க்க வேண்டியது அவையின்ர கடமை. ஒவ்வொரு கோட்டிலயும் மற்றக் கோட்டின்ர பேப்பரைக் குடுங்கோ.

எழுத்து வரியை எடுத்துவிடச் சொல்லி வியாழன் கேளுங்கோ. டே கேர் பேரையும் போடச் சொல்லுங்கோ. ரெண்டையும் இப்பவே ஒரு துண்டில இங்கிலீஷில எழுதி ஹாண்ட்பாக்கில வையுங்கோ, அங்க போனால் பதட்டத்தில வாய் வராது. தூங்க ஏலாத இரவுகளில கதைக்க ஆள் வேணுமெண்டால் 1800 737 732, எந்த நேரமும் எடுப்பினம். முதல்ல மொழிபெயர்ப்புச் சேவைக்கு, 131 450க்கு அடிச்சுத் தமிழ் எண்டு சொன்னால் அவை இணைச்சு விடுவினம்.

வியாழன் எனக்கு வேலை இல்லை. பரமட்டா கோட் எண்டால் எழுதுங்கோ, எட்டரைக்கு வாசலில நிக்கிறன்.

டூங்காபி அம்மா

பரமட்டா தான் அக்கா. துண்டுல எழுதிட்டேன். டே கேர் டிரெக்டர் நாளைக்கு ஏழரைக்கே வரச் சொல்லியிருக்காங்க. எட்டரைக்கு உங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது, தனியா மெசேஜ்ல சொல்லுங்க.